ஒரு தட்டு என்றால் நில்

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன நேரத்தில் அந்த நீல வேன் என் ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மா கீழே கால் வைக்கும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டார். மருத்துவமனைகளுக்கு விரிப்புத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கடை அவருடையது. வேனுக்குள் கூரை வரைக்கும் வெள்ளைத் துணி மூட்டைகள். சோப்புத்தூள் வாசனை வந்து ஷெட்டிலிருந்த கிரீஸ் வாடையை அமுக்கிவிட்டது.

"அண்ணே, இந்த ரிவர்ஸ் கேமரா வண்டி ஓடும்போதும் தெரியணும். முடியுமா?"

"ரிவர்ஸ் கியர் போட்டாத்தானே அது எரியும்? நேரா ஓட்டும்போது எதுக்கும்மா?"

"மூட்டை ஏத்திட்டா பின்னாடி ஒண்ணும் தெரியல. கண்ணாடியில பார்த்தா என் மூட்டைங்கதான் என்னைப் பார்க்குதுங்க." சிரித்தார். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "அது மட்டும் இல்லண்ணே. சமயத்துல தானாவே எரியுது. நேரா போய்க்கிட்டிருக்கும்போது படக்குனு வரும், ரெண்டு நொடி நிக்கும், அணைஞ்சிடும். திடுக்குனு ஆகுது. எப்பவும் எரிஞ்சிட்டா பயம் விட்டுப் போயிடும்ல? நாய் விடாம குலைச்சா தூங்கிடலாம். விட்டு விட்டுக் குலைச்சாத்தான் தூக்கம் வராது."

"சரி, ஒரு மணி நேரம் உட்காருங்க."

பெரிய வேலை இல்லை. ரிவர்ஸ் லைட்டுக்குப் போகிற கரண்டில் இருந்துதான் கேமராவுக்கு ஒரு வயர் பிரித்திருப்பார்கள். கியர் பின்னால் விழுந்தால் லைட் எரியும், கூடவே திரையும் எரியும். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, சாவி போட்டதும் கரண்ட் வருகிற வயரில் சேர்த்துவிட்டால் வண்டி ஓடும் நேரமெல்லாம் படம் தெரியும். எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன்.

பின் விளக்கின் கூண்டைக் கழற்றினேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு இணைப்பு. டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது, பிறகு உரிக்கச் சுலபமாக.

அப்படி மடிக்கிறவன் இந்த வட்டாரத்தில் ஒருவன்தான். அது நான்.

நீலப் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் வெள்ளை.

இரண்டு வருடத்துக்கு முன், இதே வேன் வெள்ளையாக இருந்தபோது, அதை ஓட்டியது என் மச்சினன். என் மனைவியின் தம்பி. அவனோடு சரக்கு ஏற்றி இறக்க ஒருவன் இருந்தான். சீட்டுக்கட்டைக் கட்டுவதற்கென்று வலது மணிக்கட்டில் எப்போதும் நாலைந்து சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருப்பான். அதனால் அவனுக்கு ரப்பர் என்றே பேர் விழுந்துவிட்டது. மச்சினன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ரப்பர் இடது மூலையில் நின்று, பின்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்து வருவான். ரெண்டு தட்டுத் தட்டினால் வா. ஒரு தட்டு என்றால் நில். கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள் இரண்டு பேரும். பாதி நாள் சாப்பாடு ஒரே பொட்டலத்தில்தான்.

பின்னால் நிற்க ஒரு ஆளுக்குக் கூலி எதற்கு என்று வண்டி முதலாளி கேமரா மாட்டச் சொன்னார். மாட்டியது நான். அவசரம். ஈயம் உருக்கி வைத்து ஒட்டாமல், வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. டப்பாவில் வந்த காகிதத்தை மடித்து டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டுவைத்தேன். போன வருடம் என் மகள் சொல்லிக்கொடுத்து, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு அதை எடுத்துப் படித்தேன். "முறுக்கி மட்டும் இணைக்கக் கூடாது. அதிர்வில் விடுபடும்." இரண்டே வரி. படித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கு ஒரு கிடங்கின் பின்பக்கம். கியர் பின்னால் விழுந்தது, திரை கறுப்பாகவே நின்றது. மோட்டார் இரைச்சலில் மச்சினனுக்கு எந்தத் தட்டும் கேட்கவில்லை. பழக்கத்தில் மூலையில் போய் நின்ற ரப்பருக்குப் பின்னால் சுவர்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கேமராவைப் பார் என்றார். கூண்டைக் கழற்றினேன். வயர் விடுபட்டுத் தொங்கியது. பத்து நிமிடம். ஈயம் வைத்து, புது டேப் சுற்றி, நுனியை மடித்து ஒட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்து கியர் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று படம் வந்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன்.

"இருட்டா இருந்துச்சு மாமா, சத்தியமா இருட்டா இருந்துச்சு," என்று மச்சினன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். போனை நோண்டிக்கொண்டு ஓட்டினான் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு மாதம் உள்ளே இருந்தான். லைசென்ஸ் போனது. இப்போது என் வீட்டுப் பின் அறையில் இருக்கிறான். தினமும் அவனுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கிறேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் ஷெட்டைப் பூட்ட வேண்டும். என் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"என்னண்ணே, வயருக்குள்ள புதையல் இருக்கா? அப்படிப் பார்க்குறீங்க?" அந்த அம்மாவின் குரல் கேட்டுத் தலையைத் தூக்கினேன்.

பழைய இணைப்பை வெட்டினேன். புது வயர் இழுத்து, ஒவ்வொரு முனைக்கும் ஈயம் வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். திரையில் ஷெட்டின் வாசலும் தெருவும் தெரிந்தன.

"ஓட்டிப் பார்த்துடலாம் அண்ணே. பக்கத்து ஆஸ்பத்திரியில மூட்டை இறக்கணும், கூட வாங்க."

ஏறினேன். வானம் மூடியிருந்தது. பகல் ஒன்றரை மணிக்கே வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வேன் தெருவில் இறங்கியது. திரையில் சாலை எங்களை விட்டுப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. கடைகள், ஒரு சைக்கிள், கம்பங்கள். எல்லாம் சிறுத்துச் சிறுத்து மறைந்தன.

ஒன்று மட்டும் மறையவில்லை.

திரையின் ஓரத்தில், கதவின் மூலையில், ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"லென்ஸ்ல அழுக்கு போல," என்றார் அவர். "இறங்குனதும் துடைச்சிடுங்க."

"நீங்க ரோட்டைப் பாருங்கம்மா."

குனிந்து பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு கை. உள்ளங்கை கதவில் பதிந்திருந்தது. சாலை அதற்கு அடியில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. கை அசையவில்லை.

மணிக்கட்டில் சிவப்பாக நாலைந்து வளையம்.

டப்.

ஒரே ஒரு தட்டு. வேனின் தகரம் முழுக்க அதிர்ந்து அடங்கியது.

"இந்தச் சத்தமும் இருக்குண்ணே. கதவு லாக்கு லூசு. ஒரு தடவை அடிக்கும், அதோட நின்னுடும்."

"எப்பவும் ஒண்ணுதானா?"

"ஆமா. ரெண்டாவதா அடிச்சதே இல்ல. ஏன்?"

வேனுக்குள் சோப்பு வாசனை போய், வெயிலில் காய்ந்த ரப்பரின் வாசனை வந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் பின் முற்றத்தில் வண்டி நின்றது. வண்டிக்குப் பின்னால் மூட்டை இறக்கும் மேடை, நெஞ்சு உயரம், சிமெண்டு. "கொஞ்சம் இருங்கம்மா, பார்த்துட்டு வர்றேன்," என்று இறங்கினேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழவில்லை.

பின்னால் போனேன். யாரும் இல்லை. கதவுத் தூசியில், இடது மூலையில், ஐந்து விரலும் பதிந்த ஒரு தடம். துடைப்பதற்காக இரண்டு கையாலும் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிட்டே குனிந்தேன்.

ரிவர்ஸ் லைட் எரிந்தது.

வண்டி பின்னால் வந்தது.

கத்த வாய் திறந்தேன். அதற்குள் கதவு என் நெஞ்சில் வந்து முட்டி, முதுகு மேடையில் போய் ஒட்டியது. இரண்டு கையும் துணியோடு நடுவில் மாட்டிக்கொண்டன. காற்று வெளியே போனது, உள்ளே வரவில்லை. விலா எலும்பு ஒன்று வளைவது தெரிந்தது. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் இருந்திருக்கும். இவ்வளவு நிதானமாக.

டப்.

வண்டி நின்றது.

அவர் முன்னால் எடுத்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். ஓடி வந்தவரின் முகம் வெள்ளைத் துணியாகியிருந்தது.

"ஐயோ அண்ணே! திரை திடீர்னு கறுப்பாயிடுச்சு, நீங்க உள்ள போயிட்டீங்கன்னு நெனச்சேன். நல்ல வேளை தட்டுனீங்க!"

"நான் தட்டல."

"என்னண்ணே சொல்றீங்க? காதால கேட்டேனே."

மாட்டிய இரண்டு கையையும் காட்டினேன். துணி இன்னும் இறுகப் பிடித்தபடியே இருந்தது. அவர் கதவின் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எழுந்து திரையைப் பார்த்தேன். தெளிவாக எரிந்துகொண்டிருந்தது. வயரை இழுத்தேன், முனைகளைத் தொட்டேன், ஃபியூசைப் பார்த்தேன். இந்த முறை என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

நேராக வீட்டுக்கு நடந்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பின் அறையில் மச்சினன் இரும்பு ஸ்பிரிங் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாமா, இந்த நேரத்துல?"

அவன் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"அங்க வேண்டாம் மாமா. அந்தக் கடைசிக்குப் போங்க."

கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். எங்கள் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முறுக்கிய வயரைச் சொன்னேன். தொங்கிய வயரைச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தைச் சொன்னேன். "திரை இருட்டாத்தான் இருந்துச்சு மாப்ள. நீ சொன்னது நிஜம்."

அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அசையவில்லை.

"தெரியும் மாமா."

"தெரியுமா? யார் சொன்னா?"

தாடையால் எங்கள் நடுவிலிருந்த இடத்தைக் காட்டினான்.

"உள்ளேர்ந்து நான் வந்த அன்னைக்கே சொல்லிட்டான். அக்காகிட்ட சொல்லிடவான்னு கேட்டேன். வேண்டாம், அவர் வாயாலயே வரட்டும்னான். பகல்ல வண்டியோட போயிடுவான், பொழுது சாஞ்சு வருவான். இன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே வந்துட்டான்."

அப்போதுதான் பார்த்தேன். நடுவில் மெத்தை குழிந்திருந்தது.

அந்தக் குழியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினேன். "இன்ஸ்பெக்டர்கிட்ட வர்றேன். எல்லாத்தையும் எழுதிக் கொடுக்குறேன். என் கையாலயே."

"ஷெட்டு போயிடுமே மாமா."

"போகட்டும்."

மகளின் பழைய நோட்டு அலமாரியில் இருந்தது. ஒரு தாளைக் கிழித்து, முட்டி மேல் வைத்து எழுதினேன். எழுத்துகள் மழையில் நனைந்த எறும்புகள் மாதிரி வரி விட்டு வரி ஓடின. கடைசியில் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினேன். அவன் மெதுவாக, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் அழுவதைப் பார்த்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடுவில் பார்த்துச் சொன்னான்.

"பார்த்தியாடா? எழுதிட்டாரு. போதும். இனிமே நீ கிளம்பு."

ஸ்பிரிங் மெல்லக் கிறீச்சிட்டது. குழிந்திருந்த மெத்தை மேலே எழும்பி, சமமானது.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். திரைச்சீலை அசையவில்லை. கதவு அசையவில்லை.

ரப்பர் வாசனை என் கழுத்துக்கு அருகில் வந்தது.

பிறகு, என் தொடையை ஒட்டி, மெத்தை தாழ்ந்தது.