நாற்பத்தோராவது அடி

குமரப்பன் மலாயாவில் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கியபோது அவனிடம் இருந்தவை ஒரு பெட்டி, ஒரு சுத்தியல், சென்னையில் இரண்டு வருடம் படித்த ஜியாலஜி. விடுமுறைக்கு அப்பாவின் வட்டிக்கடைக்கு வந்தவன், ஜப்பான்காரன் வந்துவிட்டதால் அப்படியே மாட்டிக்கொண்டான். இரண்டு வருடம் படித்தவனுக்குக் கல்லைப் பற்றி நிறையத் தெரியும். “எனக்குத் தெரியாது” என்று சொல்லத்தான் தெரியாது. அது மூன்றாம் வருடப் பாடம்.

ஜப்பான் அதிகாரி சுருக்கமாகச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்று. அதில் இரும்புக் கல் இருந்தால் தோட்டத்து லயக் குடியிருப்பின் ஆட்கள் முப்பது பேரும் அங்கேயே வெட்டலாம். இல்லையென்றால் அத்தனை பேரும், கூடவே குமரப்பனும், அடுத்த ரயிலில் சயாமுக்கு. சயாமில் தண்டவாளம் போடப் போனவர்கள் ஒருவரும் திரும்பியதில்லை.

துரையின் பங்களாவை அவனுக்கு ஒதுக்கினார்கள். உள்ளே வௌவால் நாற்றம், ஊறிய பலகை நாற்றம், அதற்கும் அடியில் அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாசனை. வீட்டுக்குள் யார் மண் வெட்டினார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. நல்ல களைப்பு.

ஆட்களை மேய்க்கும் தண்டல் ஐயாசாமியும் அவர்களும் நாலு நாள் சுற்றிச் சுற்றி நடந்து திருகித் துளைக்குழாயைக் குன்றுக்குள் இறக்கினார்கள். அடிக்கு ஒரு பிடி மண். அதை பங்களா அறையில் நீளமான மரத்தட்டில் கட்டம் கட்டமாக அடுக்கினான் குமரப்பன். நாற்பது அடிக்கு நாற்பது கட்டம் நிறைந்தது; மீதிக் கட்டங்கள் காலி. எல்லாமே வெள்ளைக் களிமண். குழாயும் அத்தோடு தீர்ந்தது.

மறுநாள் காலை, நாற்பத்தோராவது கட்டம் நிறைந்திருந்தது.

கருஞ்சிவப்பு இரும்புக் கல். முதல் தரம்.

அதற்கு மறுநாள் நாற்பத்திரண்டு.

குமரப்பன் பேய் என்று நினைக்கவில்லை, படித்தவன் இல்லையா? ஐயாசாமி என்று நினைத்தான். ஐயாசாமியின் மகன் போன வருடமே சயாமுக்குப் போனவன். அங்கே போகாமலிருக்க அந்த மனிதர் எங்கிருந்தாவது கல்லைப் பொறுக்கி வந்து வைக்கத் தயங்க மாட்டார்.

அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். பூட்டுமுன் தரையெங்கும் களிமண்ணைப் பொடித்துத் தூவினான். காலையில் திறந்தபோது வாசலிலிருந்து தட்டுவரை ஒரு தடமும் இல்லை.

தட்டின் எதிரே மட்டும் இரண்டு பள்ளம். யாரோ மண்டியிட்ட முழங்கால்கள்.

நாற்பத்து மூன்று.

“ஐயாசாமி அண்ணே, உண்மையச் சொல்லுங்க. ஜப்பான்காரன் கண்டுபிடிச்சா என் தலைதான் மொதல்ல போகும்.”

“அலமாக்! நீங்கதான் வைக்கிறீங்கன்னு நாங்க நெனைச்சோம், சின்னச் செட்டியாரே. படிச்ச புள்ள நமக்காகத் திருட்டுத்தனம் பண்ணுதேன்னு ராசம்மா உங்க சாப்பாட்டுத் தட்டுல ரெண்டு கெழங்கு கூடப் போட்டுச்சு.”

கதவோரம் நின்ற சமையல்கார ராசம்மா முகத்தைச் சுளித்தாள். “அப்ப நீங்க வைக்கலியா? கெழங்கத் திருப்பிக் குடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

கல்லை நக்கிப் பார்ப்பது ஜியாலஜி மாணவர்களின் கெட்ட பழக்கம். ஈரம் பட்டால் கல்லின் நிறமும் மணியும் துலங்கும். குமரப்பன் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தான்.

ஒட்டிக்கொண்டது.

இரும்புக் கல் நாக்கில் ஒட்டாது. காய்ந்த எலும்பு ஒட்டும். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிய்த்து எடுத்தான். அது சூடாக இருந்தது.

அன்று பகலே அதிகாரி வந்துவிட்டார். கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எத்தனை அடியில் என்று கேட்டார். கதவோரம் ஐயாசாமி கைகூப்பி நின்றார். ராசம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல குமரப்பன் வாயைத் திறந்தான்.

“நாற்பத்தொன்று,” என்றான்.

ரயிலில் யாரும் ஏற வேண்டியதில்லை. துளைபோட்ட இடத்திலேயே குழி வெட்ட உத்தரவு.

மூன்றாம் நாள் உச்சிவேளை, பன்னிரண்டு அடியில், ஆட்கள் மேலேறிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். குமரப்பன் குழியை அளந்துகொண்டிருந்தான்.

தொக்.

தொக்.

“யாரு இன்னும் வெட்டிக்கிட்டு இருக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டான்.

ஐயாசாமி ஏணியில் இறங்கி வந்து அவன் காதருகே கிசுகிசுத்தார். “முப்பது பேரும் மேலதான் இருக்காங்க. ரெண்டு தடவ எண்ணிட்டேன்.”

“நிறுத்திடலாமா, அண்ணே?”

“நிறுத்துனா சயாம்.”

சத்தத்தைக் கொண்டு ஆழம் கணிப்பது இரண்டாம் வருடப் பாடம். குமரப்பன் தினமும் உச்சிவேளையில் குழியின் தரையில் காதை வைத்துக் கணித்தான். இவர்கள் நாளுக்கு நாலடி இறங்கினார்கள். சத்தம் நாளுக்கு எட்டடி நெருங்கியது; மீதி நாலடி கீழேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாள் காலை காதை வைக்க வேண்டியிருக்கவில்லை. காலுக்கடியில் தரை அதிர்ந்தது.

ஆட்கள் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“வெட்டுங்க,” என்றான்.

முதல் ஆள் கடப்பாரையை ஓங்கினான். அது இறங்குவதற்கு முன்பே காலுக்கடியில் அதே சத்தம் கேட்டது.