பதினோரு மணி பேஷண்ட் ரத்து!

"ஐயோ... டாக்டர்!"

ரிசப்ஷனிஸ்ட்டின் அலறல் அந்தக் கண் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவுகளை அதிர வைத்தது.

மாடியில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த கடுகு திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

கடுகு என்பது பட்டப்பெயர். ஆள் குள்ளம். கோபம் வந்தால் பொரிந்து தள்ளுவாள். ஆபீசில் வைத்த பெயர் வீடு வரை வந்து, இப்போது கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

புரோகிராம் எழுதுவது அவள் தொழில்.

அன்று காலையிலிருந்து அவள் பொரிந்துகொண்டேதான் இருந்தாள்.

வேலை என்னவோ சின்னதுதான். பேஷண்டுகளுக்கு நேரம் ஒதுக்க அந்த மருத்துவமனையில் ஒரு ஆன்லைன் காலண்டர் சேவை இருந்தது. கடுகிடம் கோட் எழுதித் தருகிற ஒரு ஏஐ அசிஸ்டென்ட் இருந்தது. இரண்டையும் இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால், 'நாளைக்கு வர்றவங்களுக்கு ஞாபகப்படுத்து' என்று தமிழில் சொன்னால் போதும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இணைத்துவிட்டால்!

அதற்கு ஒரு சாவி. சாவி என்றால் இரும்பு அல்ல. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரி. மேனேஜர் மெயிலில் அனுப்பியிருந்தார். அதை ஒட்டினாள். என்டர் தட்டினாள்.

'அனுமதி இல்லை.'

மறுபடி ஒட்டினாள்.

'அனுமதி இல்லை.'

"டேய்... என்னதான்டா வேணும் உனக்கு?"

'மன்னிக்கவும். சாவியைச் சரிபார்த்து மீண்டும் முயலுங்கள்' என்றது ஏஐ, பரம சாதுவாக.

அந்தச் சாதுத்தனம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. லேப்டாப்பை ஜன்னல் வழியாக வீசலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான்... அந்த அலறல்!

படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

டாக்டரின் அறை. கதவு அகலத் திறந்து கிடந்தது.

உள்ளே...

டாக்டர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார்! நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கோரம் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி நொறுங்கி, குடல் சரிந்த மாதிரி ஒயர்கள் வெளியே தொங்கின. கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிற பின்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் மண்டியிட்டு அவர் மூக்கருகே விரலை வைத்தார். டாக்டர் மனைவியின் தம்பி அவர்.

"மூச்சு இருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! அத்தான்... அத்தான்! என்னைப் பாருங்க!"

அத்தான் பார்க்கவில்லை.

*

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. நிதானமான நடை. அதைவிட நிதானமான பேச்சு. ஒரு கான்ஸ்டபிள் டாக்டர் அறையில் கிடந்த பொருட்களை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹால் ஏன் காலியா இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். "பட்டப்பகல்ல கண்ணாஸ்பத்திரில ஒரு பேஷண்ட் கூடவா இல்ல?"

ரிசப்ஷனிஸ்ட் கையைப் பிசைந்தாள்.

"பதினோரு மணியிலேர்ந்து இருந்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ரத்தாயிடுச்சு மேடம். அவங்களுக்கே நேரா மெசேஜ் போயிடுச்சு. எனக்கே அப்புறம்தான் தெரியும்."

"யார் ரத்து பண்ணது?"

ரிசப்ஷனிஸ்ட் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

'ரத்து செய்தவர்' என்ற இடத்தில்... கடுகின் பெயர்!

கடுகு திரையருகே பாய்ந்தாள்.

"நானா? சத்தியமா இல்ல மேடம்! நான் அந்தக் காலண்டருக்குள்ள இன்னும் காலே வைக்கல!"

"காலையில டாக்டருக்கும் உங்களுக்கும் சண்டையாமே?"

"சண்டை இல்ல. வாக்குவாதம்."

"என்ன வாக்குவாதம்?"

"'ஒரு இணைப்புக் கொடுக்கத் தெரியல, நீயெல்லாம் என்ன இன்ஜினியர்'னு எல்லார் முன்னாடியும் கேட்டார். எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

கடுகு தரையைப் பார்த்தாள்.

"காலண்டரோட சேர்த்து உங்களையும் உடைச்சுப் போடறேன்னு..."

"ஓஹோ!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம்!"

"பேச்சுக்குச் சொன்னீங்க. ஆள் நிஜமாவே உடைஞ்சு கிடந்தாரே!"

அந்த நேரம் பார்த்து அவள் மொபைல் அடித்தது. கணவன். 'எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க' என்று இன்ஸ்பெக்டர் ஜாடை காட்டினார்.

"என்ன கடுகு, வேலை முடிஞ்சுதா?"

"முடியல. போலீஸ் வந்திருக்கு. கொலை முயற்சியாம்."

"ஐயய்யோ! யாராம்?"

"நான்தானாம்!"



"சாவி வேலை செய்யலைன்னு காலைல என்கிட்ட கத்தினியே... அப்பவே நினைச்சேன்!"

கடுகு போனை அணைத்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

*

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க. என் சாவி வேலையே செய்யலைன்னு காட்டறேன்" என்றாள்.

லேப்டாப் கீழே வந்தது. ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, சாவியை ஒட்டினாள்.

'அனுமதி இல்லை.'

"பார்த்தீங்களா? காலையிலேர்ந்து இதே பாட்டுதான்! உள்ளேயே போக முடியாதவ எப்படி மேடம் ரத்து பண்ணுவேன்?"

"ஏன் திறக்கல?"

"அதான் எனக்கும் புரியல..." சட்டென்று நிறுத்தினாள். மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், இந்தச் சாவியை எங்கேர்ந்து எடுத்து அனுப்பினீங்க? உங்க திரையில காட்டுங்க."

மேனேஜர் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

கடுகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு தரம். இன்னொரு தரம்.

"சார்... நீங்க அனுப்பினதுல வாலைக் காணோம்!"

"வாலா?"

"கடைசிப் பகுதி! காப்பி பண்ணும்போது பாதியிலேயே மவுசை விட்டிருக்கீங்க! அரைச் சாவியை வெச்சுக்கிட்டு ஒரு முழு காலைப்பொழுது முட்டி மோதியிருக்கேன் சார் நான்!"

"அது... ரொம்ப நீளமா இருந்துச்சும்மா..."

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. அப்போ இவங்க பேர்ல உள்ள போனது வேற சாவி. சரிதானே? இவங்க பேர்ல இன்னொரு சாவி போட யாரால முடியும்?"

மேனேஜரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"என்னால முடியும் மேடம். அப்புறம்... அத்தானால."

"உங்க அத்தான் மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"ஆ... ஆமாம்."

"அப்போ மிச்சம் இருக்கறது யாரு?"

"மேடம்! ஒரு வரியை ஒழுங்கா காப்பி பண்ணத் துப்பில்லாதவன் நான்! எனக்கா இதெல்லாம் தெரியும்?"

"துப்பில்லாத மாதிரி நடிக்கறது ரொம்ப சுலபம் சார்."

கான்ஸ்டபிள் ஓசையில்லாமல் நகர்ந்து மேனேஜருக்குப் பின்னால் போய் நின்றார்.

*

கடுகு இதையெல்லாம் பார்க்கவில்லை. முழுச் சாவியை ஒட்டிக்கொண்டிருந்தாள். என்டர் தட்டினாள்.

'காலண்டர் இணைக்கப்பட்டது.'

"வந்துருச்சு!" என்று நாற்காலியிலிருந்து துள்ளினாள்.

எல்லோரும் அவளை முறைத்தார்கள்.

"சாரி..." என்று உட்கார்ந்தாள். "மேடம், இதுகிட்டயே கேட்டுருவோம்."

'பதினோரு மணி சந்திப்பை ரத்து செய்த சாவி யாருடையது?' என்று அடித்தாள்.

'சாவியின் மேல் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை உருவாக்கியவர் யார் என்பதை இந்தச் சேவை காட்டுவதில்லை' என்றது ஏஐ.

"பிரயோஜனமே இல்ல!" என்றார் இன்ஸ்பெக்டர்.

'ஆனால், ரத்தான சந்திப்பை மறுபடி சேர்த்தால், அந்தச் சாவியை உருவாக்கியவரின் மொபைலுக்கு அறிவிப்பு போகும். பேஷண்டுக்கும் போகும். சேர்க்கட்டுமா?'

கடுகும் இன்ஸ்பெக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் மொபைலை எடுத்து மேஜை மேல வைங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கடுகின் மொபைல். ரிசப்ஷனிஸ்ட்டுடையது. கடைசியாக, வியர்த்த கையிலிருந்து வழுக்கி விழுந்த மாதிரி, மேனேஜருடையது.

"சேர்த்துடு" என்று அடித்தாள் கடுகு.



மூன்று மொபைல்களும் செத்த மீன்கள் மாதிரி கிடந்தன. மேனேஜர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிங்!

மேஜையிலிருந்து இல்லை!

எல்லோரும் திரும்பினார்கள். சத்தம் வந்தது... கான்ஸ்டபிளின் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து!

"யார் போன்யா அது?"

"டா... டாக்டரோடது மேடம். அவர் அறையில கிடந்தது."

இன்ஸ்பெக்டர் கவரைப் பிடுங்கி, திரையை வாய்விட்டுப் படித்தார்.

"'நீங்கள் ரத்து செய்த பதினோரு மணி சந்திப்பு மீண்டும் சேர்க்கப்பட்டது'..."

நிமிர்ந்தார்.

"யார் அந்தப் பதினோரு மணி பேஷண்ட்?"

ரிசப்ஷனிஸ்ட் வாயைத் திறப்பதற்குள் ரிசப்ஷன் போன் அலறியது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, என்னை என்ன கிறுக்கன்னு நினைச்சீங்களா?" என்று கத்தியது ஒரு ஆண்குரல். "வராதேன்னீங்க, பாதி வழியில திரும்பினேன். இப்போ வான்னு மெசேஜ்! கோர்ட்டு அனுப்பின டாக்டரையும் கூட்டிக்கிட்டு நான் எத்தனை தடவைதான் அலையறது? நீங்க ஆபரேஷன் பண்ண கண்ணு போச்சு. பஸ் ஓட்டற பொழைப்பும் போச்சு. அந்த ஆபரேஷன் ஸ்கேன் படத்தை எடுத்துக் கொடுக்கறதுக்குக் கூடவா இவ்வளவு இழுத்தடிப்பு?"

"வாங்கண்ணே" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "இந்தத் தடவை யாரும் ரத்து பண்ண மாட்டாங்க. நான் போலீஸ் பேசறேன்."

போனை வைத்தார்.

"படம் இருந்த கம்ப்யூட்டர் எது?"

ரிசப்ஷனிஸ்ட் டாக்டர் அறையைக் காட்டினாள். குடல் சரிந்து கிடந்த பெட்டியை.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் கடுகு. "படத்தை அழிக்கக் கம்ப்யூட்டரைத் தானே உடைச்சு, நெத்தியைத் தானே இடிச்சுக்கிட்டு, பழியைத் தூக்கி என் தலையில போட்டானா?"

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கேட்டார். சிரித்தார்.

"தோல்தான் கிழிஞ்சிருக்காம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மயக்கமாவே இருக்காராம். நர்ஸ் 'சாப்பிட ஏதாவது வேணுமா'ன்னு கேட்டதுக்கு மட்டும் தலையாட்டினாராம்!"

மேனேஜர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த டிரைவர் கையைப் பிடிச்சு ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான் மேடம். 'பயப்படாதீங்கண்ணே, எங்க அத்தான் கைராசிக்காரர்'னு சொல்லி..." குரல் உடைந்தது. "இந்தப் பெட்டி போனா என்ன. ஸ்கேன் மெஷின்லயும் அந்தப் படம் அப்படியே இருக்கும். அத்தானுக்கு அது ஞாபகம் இல்ல. வாங்க, எடுத்துத் தரேன்."

"உங்க அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நடந்ததைத்தான்" என்றார். எழுந்து முன்னால் நடந்தார்.

*

படங்களைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது, கடுகு சோர்ந்துபோய் லேப்டாப்பை மூடப் போனாள்.

"இருங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இவ்வளவு கஷ்டப்பட்டு இணைச்சிருக்கீங்க. உருப்படியா ஒரு வேலை வாங்குவோம். நாளைக்குக் காலைல டாக்டருக்குக் கோர்ட்டுன்னு போடுங்க."

கடுகு அடித்தாள். ஏஐ உடனே பதில் சொன்னது.

'சேர்த்துவிட்டேன். டாக்டரின் மற்ற சந்திப்புகளை எத்தனை வருடங்களுக்கு ரத்து செய்ய வேண்டும்?'

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க... அதை ஜட்ஜ் சொல்லுவார்!"