ஏழாவது வரி

பாலம் தாண்டியதும் வரும் வளைவில், சாலையோரமாக இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது அந்த நினைவுக்கல். போரின்போது அங்கே நடந்தது அரை மணி நேரச் சண்டை. பெரிய சண்டைகளின் பட்டியலில் அதைத் தேடினால் கண் பூத்துப் போகும். செத்தவர்கள் ஆறு பேர். அவர்கள் பெயரை வெட்டிக் கொடுத்தவர் ஊர்க் கல்தச்சர். ஆனால் கோடு போடும்போது அவர் கை தன் பாட்டுக்கு ஏழு வரிக்கு அளந்துவிட்டது.

அந்தச் சண்டையில் ஏழாவதாக நின்றவன் அவருடைய மகன். உடல் கிடைக்கவில்லை.

அடியில் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டவர்களிடம், "அங்க கல்லு லேசா விரிசல்" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார். அந்தப் பொய்யிலேயே பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். இப்போது, காணாமல் போனவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்று அரசாங்கத் தாள் வந்துவிட்டது. மனைவி கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

இருவரும் வேனை விட்டு இறங்கியபோது சாயங்காலம் மணி நாலுதான். ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனியில் பாலத்தின் மறுமுனை தெரியவில்லை.

"அவன் பேரை வெட்ட மனசு வரல. இன்னொரு நாள் வரலாமே," என்றார்.

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க. பஸ்ஸுல போறப்பல்லாம் பாக்குறேன். பிள்ளை குனிஞ்சு ஒவ்வொரு பேரா படிச்சிட்டு நிக்கிறான். தன் பேரத்தான் தேடுறான். எத்தனை நாளைக்குத்தான் நிப்பான்?"

அவர் உளிப்பையை எடுத்துக்கொண்டு கல்லை நோக்கி நடந்தார். அவரும் பார்த்திருக்கிறார்.

மண்டியிட்டு முதல் எழுத்தை வெட்டினார். தூசியை ஊதினார்.

பின்னாலிருந்து யாரோ அந்த எழுத்தைப் படித்தார்கள்.

மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை மாதிரி. திரும்பிப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நனைந்த கம்பளி வாடை அடித்தது. அதோடு லேசாக வெடிமருந்து நெடி.

இரண்டாவது எழுத்து. அதையும் படித்தது.

மூன்றாவதில் அந்தக் குரல் தடுமாறியது. அவர் பிடரியில் சில்லென்று மூச்சு பட்டது.

"அப்பா... இது என் பேருதானே?"

உளி கையிலிருந்து நழுவியது.

"ஆமாண்டா கண்ணு," என்றாள் மனைவி, பனியைப் பார்த்து.

"செத்தவங்க பேரோட எதுக்கு வெட்டுறீங்க?"

கீழே விழுந்த உளியை அவர் தடவித் தேடி எடுத்தார்.

"அப்பா?"

கல்தச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்கு விஷயமே தெரியாது. கூட்டாளிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டு, அப்பா வந்து கூட்டிப் போவார் என்று இத்தனை வருஷமும் ரோட்டிலேயே நின்றிருக்கிறான். அவன் செத்துவிட்டான் என்று அவனிடம் சொல்வதற்கு ஒருவர்கூட இல்லை.

"என்னால முடியாதுடி. இதோட விட்டுடலாம்," என்று அழுதார்.

"பாதியில விட்டா பிள்ளை எங்கங்க போவான்? முடிச்சிடுங்க."

முடித்தார். சுத்தியல் விழுந்த ஒவ்வொரு தரமும் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. கடைசி அடியோடு அதுவும் நின்றது. வாடையும் போய்விட்டது.

"போயிட்டான்," என்றாள் மனைவி. கல்லைக் கட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை அழுதாள்.

இருட்டுவதற்குள் கிளம்பினார்கள். வேனில் அவள் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன். கதவு திறந்துக்கப் போகுது."

"இடமில்லைங்க," என்றாள் மெதுவாக.

இருவருக்கும் நடுவில் சீட் அமுங்கியிருந்தது. கம்பளி வாடை.

அவர் வண்டியைக் கிளப்பினார். பாலத்தைத் தாண்டுவதற்குள் ஒரு தலை அவர் தோளில் சாய்ந்தது. சட்டை நனைந்தது. தோளை அசைத்தால் எழுந்துவிடுவானோ என்று, வீடு வரைக்கும் அவர் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.