அடியில் தங்கியவன்

குருபரப்பள்ளி தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் மண் பாதையில் தமிழ்செல்வி ஆட்டோவை விட்டு இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. எதிரே துருவேறிய தகரக் கொட்டகைகள். அவற்றுக்கு மேலே, மேகத்தைத் தொடுவதுபோல ஓர் இரும்பு டவர். காற்று முழுவதும் பழைய எண்ணெயின் வாடை. அதற்கு உள்ளே, நெருப்பில் பொசுங்கிய மயிரின் வாடை.

அவள் கணவன் முத்துக்குமார் இங்கேதான் வேலை பார்த்தான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மத்திகிரியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அவன் போன் அன்றோடு அணைந்துவிட்டது.

மேனேஜர் சௌந்தரராஜன் அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நெற்றி நிறைய விபூதி. தடித்த விரல்கள். குழைந்த குரல்.

"சொல்லவே கஷ்டமா இருக்குதும்மா. மாலூர்க்காரி ஒருத்தியோட அவனுக்குப் பழக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டாங்கன்னு பசங்க பேசிக்கிறாங்க."

"அவுக அப்படிப்பட்ட ஆளு இல்ல சார்."

"எல்லாப் பொம்பளையும் இதத்தாம்மா சொல்லுது." அவர் சிரித்தார். "லேப்ல பாட்டில் கழுவ ஆள் வேணும், வர்றியா? நம்ம பையன் சம்சாரம் தெருவுல நிக்கக் கூடாது பாரு."

அவளைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதற்கான இரக்கம் அது. அவளுக்கு அது புரியவில்லை. அவன் நடந்த இடத்தில் நடந்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும் என்றுதான் தலையாட்டினாள்.

லேபில் கெமிஸ்டாக இருந்தவள் ரெனிட்டா. கலகலப்பான பெண். வந்த அன்றே ஜன்னல் வழியாக ஆலையைக் காட்டினாள்.

"பெரிய ரிஃபைனரில கச்சா எண்ணெயப் பிரிக்கிற மாதிரிதான்க்கா இதுவும். அங்க கப்பல்ல வரும். இங்க வண்டில இருந்து வடிச்ச பழைய இன்ஜின் ஆயில் டேங்கர்ல வருது. அதோ, அந்தக் கெட்டில்ல ஊத்திக் காய்ச்சுவாங்க." வீடு அளவுக்குப் பெரிய இரும்புப் பாத்திரம் அது. வயிற்றில் ஆள் நுழையும் வட்டக் கதவு. "முதல்ல தண்ணி போயிரும். அப்புறம் லேசான எண்ணெய் ஆவியா டவர் உச்சி வரைக்கும் ஏறிக் குளிரும். டீசல் மாதிரி உள்ளது நடுவுல நிக்கும். கெட்டியான ஆயில் அதுக்கும் கீழ. ஏறவே முடியாதது கெட்டில்லயே கிடக்கும். அதுதான் தார்."

"எல்லாம் ஒண்ணாத்தான கெடந்துச்சு?"

"ஆமாக்கா. சூடு பிரிச்சிடும்."

கெட்டில் அடியில் மிஞ்சும் தாரை ஒவ்வொரு முறையும் முழுதாக எடுக்கமாட்டார்கள். அதன் மேலேயே அடுத்த லோடை ஊற்றுவார்கள்.

காய்ச்சும்போது பிரிவது ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் சோதனைக்காக லேபுக்கு வரும். முதல் பாட்டிலில் தண்ணீர். ரெனிட்டா கருவியை வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். "இதுல எங்கிருந்து இவ்ளோ உப்பு வருது? கண்ணீர் மாதிரி."

அடுத்தது டவர் உச்சியிலிருந்து வந்த மெல்லிய எண்ணெய். கழுவுவதற்காகத் தமிழ்செல்வி மூடியைத் திறந்தாள்.

பெட்ரோல் வாடை வரவில்லை. அவள் கழுத்தோரம் முகம் புதைத்துத் தூங்குபவனின் மூச்சு வந்தது.

"ஏ புள்ள... செல்வி..."

பாட்டில் கை நழுவித் தொட்டியில் விழுந்தது. ரெனிட்டா ஓடி வந்து தாங்கினாள். "மூக்குகிட்ட கொண்டு போகாதீங்கக்கா. மயக்கம் வரும்."

மயக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ரெனிட்டா வெளியே போனதும் எல்லாப் பாட்டில்களையும் வரிசையாகத் திறந்தாள்.

உச்சி எண்ணெய் கொஞ்சியது. ஊரில் தேர்த் திருவிழாவில் அவளை முதலில் பார்த்ததைச் சொன்னது. மல்லி வாங்கி வரவா என்று கேட்டது.

நடுவில் வந்தது, ஆறி நெடுநேரமாகியும், கையில் காய்ச்சல்காரன் உடம்பாகச் சுட்டது.

"காலு சுடுது செல்வி. யாரையாச்சும் கூப்பிடு."

கெட்டி எண்ணெய் அவளிடம் பேசவில்லை. அவள் யாரென்றே அதற்குத் தெரியவில்லை. வேறு யாரிடமோ கெஞ்சியது.

"சார், மூடாதீங்க. சௌந்தரராஜன் சார், நான் உள்ள இருக்கேன். மயக்கம்தான் சார், எந்திரிச்சிட்டேன். சார்..."

பிறகு இரும்பில் கை தட்டும் சத்தம். பிறகு பர்னர் பற்றும் சத்தம்.

தமிழ்செல்வி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். கெட்டிலைச் சுரண்ட உள்ளே இறங்கியவன், விஷக்காற்றில் சாய்ந்திருக்கிறான். செத்தான் என்று முடிவு கட்டி, விஷயம் வெளியே போகாமல் கதவை அடைத்திருக்கிறார்கள். தட்டியது கேட்ட பிறகும் திறக்கவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? எண்ணெய் பேசியது என்றா?

அவள் போகவில்லை. அந்த மெல்லிய குரலுக்காகவே தினமும் வந்தாள். ஆனால் ஒவ்வொரு லோடு காய்ச்சும்போதும் அது தேய்ந்தது. திருவிழா போயிற்று. மல்லி போயிற்று. அவள் பெயரின் பாதி போயிற்று. பிரிந்த எண்ணெயை டின்களில் அடைத்து லாரியில் ஏற்றினார்கள். ஒரு நாள் உச்சி எண்ணெயில் வெறும் எண்ணெய் வாடை மட்டுமே இருந்தது.

அடுத்த வாரம் கெட்டிலைச் சுத்தம் செய்ய நெருப்பை அணைத்தார்கள்.

நல்ல உச்சி வெயில். ஆபரேட்டர் ஆஞ்சப்பன் வட்டக் கதவின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்வாங்கினார். உள்ளே போக எவனும் முன்வரவில்லை.

"பயந்துக்கினு நிக்கிறீங்க, வெட்கமா இல்ல?" சௌந்தரராஜன் டார்ச்சோடு வந்தார். கதவுக்குள் தலையை நீட்டி வெளிச்சம் அடித்தார்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக. பொறுமையாக.

"யாருடா உள்ள?" அவர் தலையை இன்னும் உள்ளே நுழைத்தார்.

தமிழ்செல்வி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் காதருகே சொன்னாள்: "கூப்பிடுறாக சார். போங்க."

கறுப்பாக ஒன்று எழும்பி வந்தது. முதலில் தார் என்று நினைத்தார்கள். அதற்கு விரல்கள் இருந்தன. அது அவர் முகத்தை உள்ளங்கையால் மூடி, பிள்ளையைத் தூக்குவதுபோல இலகுவாக உள்ளே இழுத்தது. கதவின் விளிம்பில் அவர் இடுப்பு சிக்கியது. அது விடவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் முற்றம் முழுவதும் கேட்டது. ஆட்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள்.

தமிழ்செல்வி சிரித்தாள். கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே கதவுக்குள் கை நீட்டினாள்.

"ஏங்க. நான்தான். செல்வி வந்திருக்கேன்."

இருட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

அந்தப் பிடியில் தேடல் இல்லை. பரிவு இல்லை. சௌந்தரராஜனைப் பிடித்த அதே பிடி.

"ஏங்க! உங்க செல்விங்க!"

பிடி இறுகியது. தோள் வரை உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளைத் தெரிந்தது, அவளைக் கொஞ்சியது, எல்லாம் லேசானவை. ஆவியாகி மேலே ஏறி, எங்கோ எரிந்து புகையாய்ப் போய்விட்டன. இங்கே கிடப்பது எந்தச் சூட்டுக்கும் ஏறாத மிச்சம். அதற்குப் பெண்டாட்டி கிடையாது.

ஆஞ்சப்பனும் ரெனிட்டாவும் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார்கள். அவள் வந்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வரவில்லை.

அதிகாரிகள் வந்து கெட்டிலைக் காலி செய்தார்கள். சௌந்தரராஜனின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. ஆலைக்குச் சீல் வைத்தார்கள். கெட்டிலிலிருந்து அள்ளி வெளியே அடுக்கிய தார் பீப்பாய்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

கட்டுப் பிரித்து, கோணிய கையோடு தமிழ்செல்வி மத்திகிரி அறைக்குத் திரும்பியபோது தெருவுக்குப் புதுச் சாலை போட்டிருந்தார்கள்.

"பாத்தியா செல்வி, நம்ம தெருவுக்கும் விடிஞ்சிருச்சு!" பக்கத்து வீட்டு சென்னம்மா வாசலில் நின்று கூவினாள். அவள் பேத்தி வெறுங்காலோடு சாலையில் ஓடியாடிக்கொண்டிருந்தது.

பங்குனி வெயிலில் தார் இளகிப் பளபளத்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. தமிழ்செல்வி குனிந்து பார்த்தாள்.

ஒரு கை. யாரோ மேலிருந்து அழுத்திய தடம் இல்லை. கீழிருந்து முட்டி எழுந்த உள்ளங்கை. அதன் பக்கத்திலேயே, இன்னும் கொஞ்சம் தடித்த விரல்களோடு, இன்னொன்று.

"குழந்தையத் தூக்குங்கக்கா!" என்று அலறினாள்.

குழந்தை சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் கால் வைத்தது.

விரல்கள் மெல்ல மடங்கின.