நாற்பத்தேழாம் கல்

நாற்பத்தேழாம் எண் எல்லைக்கல்லை நட்ட இடத்தில் காணவில்லை. குத்தாலிங்கம் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணினான். நாற்பத்தைந்து இருந்தது, நாற்பத்தாறு இருந்தது, அந்தப் பக்கம் நாற்பத்தெட்டும் இருந்தது. நடுவில், பல் விழுந்த ஈறு மாதிரி, ஒரு குழி.

ஆனி மாதச் சாரல். மதியம் மூன்று மணிதான். ஆனாலும் பழைய குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய மேகம் மரங்களுக்குள் புகுந்து, பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டாமல், அழுகிய பலாச்சுளை வாசனையையும் ஈரமண் வாசனையையும், அவற்றுக்கு அடியில் அவனுக்கு மட்டுமே காரணம் தெரிந்த இன்னொரு வாடையையும் மூக்கருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மறுநாள் காலையில் தென்காசியிலிருந்து ரேஞ்சர் எல்லை பார்க்க வருகிறார். போன வருடம், எண்பதில், டெல்லியில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். மத்திய சர்க்கார் சம்மதிக்காமல் ரிசர்வ் காட்டில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட இனி விட்டுக்கொடுக்க முடியாது. எல்லைக்குள்ளே எந்த வீடு இருந்தாலும் இடிப்பேன் என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். காட்டைக் காக்கிற பாரஸ்ட் கார்டு குத்தாலிங்கத்தின் வீடே எல்லைக்கு நாற்பதடி உள்ளேதான் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"மூணு வாடகை வீடு மாறியாச்சு. இதுவும் போச்சுன்னா நான் அருவியில போய் விழுந்துருவேன்," என்றாள் அவன் மனைவி சொக்கம்மாள். சொன்னால் செய்கிறவள். அன்றைக்கே கடப்பாரையைத் தூக்கிவிட்டான். வீட்டுக்கு முன்னால் இருந்த ஐந்து கற்களைப் பெயர்த்து, வீட்டுக்குப் பின்னால், மலைப்பக்கமாக நட்டான்.

கல்லைப் பெயர்ப்பது பெரிய காரியமில்லை. ஆனால் பழைய சர்வேக்காரர்கள் ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு சட்டி கரியைப் புதைத்துவிட்டுத்தான் நட்டிருந்தார்கள். மழையில் கல் உருண்டாலும், திருடன் பெயர்த்தாலும், மக்காத கரி இடத்தைச் சொல்லிவிடும். கரிதான் கல்லுக்குச் சாட்சி. சந்தேகம் வந்தால் ரேஞ்சர் தோண்டச் சொல்வார். அதனால் கரியையும் அள்ளிக்கொண்டுபோய்ப் புதுக் குழிகளில் போட்டான். நாற்பத்தேழாம் கல்லுக்குக் குழியை வெட்டி நிமிரும்போது, அவனுக்குக் கீழே காட்டுக்காவல் பார்க்கும் வாட்சர் பிச்சைமணி எதிரே நின்றான்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய? இது தப்புல்லா. ரேஞ்சர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஏலே, கிட்ட வா, சொல்லுதேன்."

நம்பிக் கிட்டே வந்தான். கடப்பாரை நெற்றியில் இறங்கியது. முதல் அடிக்கே மண்டை பிளந்தது. ஆனாலும் அவன் விழாமல், இன்னொரு முறை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். அதற்குமேலும் நாலு அடி தேவைப்பட்டது. குழியை ஆழமாக்கி அவனை உட்காரவைத்து மூடி, மேலே கல்லை நட்ட பிறகுதான் கரி போட மறந்தது ஞாபகம் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டான். கல்லுக்கு அடியில் எதை வைக்கிறோமோ அதுதான் சாட்சி என்பதை, இருபது வருடம் எல்லைக்கற்களோடு பழகினவன் யோசித்திருக்க வேண்டும்.

அது நடந்து எட்டு நாள். இப்போது குழிக்குள் குனிந்து பார்த்தான். கல் இல்லை. பிச்சைமணியும் இல்லை.

குழியோரத்து மண் வெளியே தள்ளப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து தள்ளிய மண். அங்கிருந்து, கனமான எதையோ இழுத்துப்போன தடம், சருகையும் வேரையும் கிழித்துக்கொண்டு சரிவில் இறங்கியது. சரிவின் கீழே அவன் வீடு.

மேகத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. தொம். தொம். கல் நட்டால் சுற்றிலும் மண்ணை இப்படித்தான் இடித்து இறுக்குவார்கள்.

ஓடினான். வழுக்கி விழுந்தான். முட்டியில் சதை கிழிந்தது. எழுந்து ஓடினான்.

நாற்பத்தேழாம் கல் வீட்டுக்கு முன்னால் நின்றது. பழைய இடத்தில். வீடு மறுபடியும் காட்டுக்குள்.

"சொக்கம்மா."

இடிக்கிற சத்தம் நின்றது.

கதவு திறந்து கிடந்தது. அடுக்களைத் தரை பெயர்ந்திருந்தது. நடுவில் சொக்கம்மாள். இடுப்புவரை மண். சுற்றிலும் இடித்து இறுக்கிய மண். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

"கீழ யாரோ காலைப் பிடிச்சிருக்காவ," என்றாள் மெதுவாக. "நீங்க இழுக்காதிய."

அவன் கேட்கவில்லை. அக்குளில் கைகொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கீழேயிருந்தும் இழுத்தது. உள்ள பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான். உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. ஈரத்துணி கிழிகிற சத்தம். அவள் வந்துவிட்டாள்.

லேசாக வந்தாள். ரொம்ப லேசாக.

மல்லாந்து விழுந்தவனின் மார்பின்மேல் கிடந்தாள். இடுப்புவரைதான் இருந்தாள். மிச்சத்தை வைத்துக்கொண்டு குழி தானாக மூடியது. சொக்கம்மாள் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு வீட்டை இடிக்க மாட்டாவல்லா?" என்று கேட்டுவிட்டு, கண் சிமிட்டாமல், அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.