அப்பா மெல்லுவதை நிறுத்தினால்

ஹேட்டியின் அப்பா டுவெய்ன் பேஸ்பால் வீரர். பந்து வீசுவதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். பெரிய அணி கூப்பிடும் என்று காத்திருந்தே முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. இப்போது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அணியில் இருந்தார். அந்த வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அன்றைய ஆட்டத்தில் ஹேட்டி வேலியோரம் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தினமும் வீட்டுக் கொல்லையில் அப்பா வீசும் பந்தைப் பிடிப்பவள் அவள். அவருக்கே தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

"எங்கப்பா சூயிங்கம் மெல்றாரு பாருங்க. மென்னுக்கிட்டே போட்டா வேகமா வரும். மெல்றத நிறுத்திட்டா மெதுவா வரும்."

அப்படியே நடந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஹேட்டிக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் எதிரணியின் பெஞ்சு. அதன் பிறகு அவர்கள் அப்பாவின் பந்துகளை வெளுத்து வாங்கினார்கள். பயிற்சியாளர் பாதியிலேயே அப்பாவை வெளியே அழைத்துக்கொண்டார். பெஞ்சிலிருந்த நரைமீசைக்காரர் ஹேட்டி பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நன்றி பாப்பா."

ஹேட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

நாளையும் இதே அணியோடுதான் ஆட்டம், நாளையும் சொதப்பினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று காரில் அப்பா சொன்னார். தன் கை தேய்ந்துவிட்டது என்று நொந்துகொண்டார். ஹேட்டி பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பாவம், அந்தக் கை என்ன செய்தது?

"கைமேல தப்பு இல்லப்பா. என் வாய்மேலதான்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் நிறுத்துறேனா? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே" என்று தாடையைத் தடவினார். நாளை சூயிங்கமே வேண்டாம் என்றார்.

ஹேட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "வேணும்பா. மெல்றத நிறுத்துங்க. நிறுத்திட்டு வேகமா போடுங்க."

மறுநாள் கடைசிக் கட்டம். ஊர் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. எதிரணியின் கடைசி மட்டைக்காரர் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் வெற்றி. அப்பா மெல்லுவதை நிறுத்தினார். மட்டைக்காரர் மெதுவான பந்துக்காக நிதானமாகக் காத்திருந்தார். அவர் மட்டையைச் சுழற்றும் முன்பே பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்டம் முடிந்தது.

நரைமீசைக்காரர் திரும்பி, இது என்ன கதை என்று வேலியோரம் இருந்த ஹேட்டியைக் கேட்டார்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மைதானத்துக்குள் நுழையும்போதே இரண்டு கன்னமும் உப்பும்படி வாய் நிறையச் சூயிங்கத்தை அடைத்துக்கொண்டிருந்தாள்.