ஒற்றைக் கம்பி

பொடியனுக்குப் பல்வலியைவிடப் பல் டாக்டரின் மெஷின்தான் பயம். அந்த 'உய்ங்ங்' சத்தம் கேட்டாலே வாயை இறுக மூடிக்கொள்வான்.

"பாட்டு கேட்டுக்கிட்டே உக்காருடா" என்று பழைய வயர்லெஸ் ஹெட்ஃபோனைத் தேடி எடுத்தாள் அக்கா துருதுரு. ஆனால் இடது காதில் சத்தமே இல்லை. தலைப்பட்டைக்குள் ஓடும் வயர் அறுந்திருந்தது.

அம்மா மின்விசிறி பழுதுபார்ப்பவர். "டப்பாவுல மெல்லிசு இழைகளா முறுக்கின இழை வயர் இருக்கு, அதைப் போடு. ஒத்தைக் கம்பி வேணாம். மடக்க மடக்க ஒடைஞ்சிடும்" என்றார்.

இழை வயர் துவண்டு துவண்டு, பட்டைக்குள் போக மறுத்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு சிவப்பு ஒற்றைக் கம்பி. அது ஒரே தள்ளில் போய்விட்டது!

"இழை வயர்தானே?" மோட்டாருக்குக் கம்பி சுற்றியபடியே அம்மா கேட்டார்.

"ம்" என்றாள் துருதுரு, கம்பி முனையை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டே.

ஒரு வாரம் பொடியன் ஹெட்ஃபோனை மடக்கி விரித்து விளையாடினான். பிறகு பல் டாக்டரின் நாற்காலியில் பெரிய மனிதன்போல வாயைத் திறந்தான். பட்டை லேசாக நகர்ந்தது. இடது காதில் பாட்டு நின்றது. 'உய்ங்ங்!'

அவன் போட்ட கூச்சலில் டாக்டரின் மூக்குக்கண்ணாடியே நழுவியது.

"இன்னொரு நாள் வாங்க" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் பொடியன் விசும்பினான். துருதுரு அம்மாவின் பக்கம் நெருங்கி நடந்தாள்.

"அம்மா, அது ஒத்தைக் கம்பி. நான் பொய் சொல்லிட்டேன்."

அம்மா திட்டவில்லை. "என்கிட்ட சொல்லிட்ட. அவன்கிட்ட?"

வீட்டில் துருதுரு உடைந்த கம்பியை உருவி எடுத்தாள். வேறொரு ஒற்றைக் கம்பியின் முனையில் இழை வயரை முறுக்கி, பட்டைக்குள் விட்டு மறுபக்கம் இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது. இதை அன்றைக்கே யோசித்திருக்கலாமே!

"வேணாம் போ. அது நடுவுல ஏமாத்திடும்" என்றான் பொடியன், அவள் நீட்டிய ஹெட்ஃபோனைத் தள்ளிவிட்டு.

"அது ஏமாத்தலடா. நான்தான் ஏமாத்தினேன். ஒடையும்னு தெரிஞ்சும் போட்டேன்."

அவன் ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டான். "அப்ப நீயும் பக்கத்துல நிக்கணும்."

அடுத்த முறை நாற்காலியில் சாய்ந்ததும், பொடியன் அக்காவின் உள்ளங்கையை இழுத்து இடது காதின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு வாயைத் திறந்தான்.

பாட்டு நிற்கவே இல்லை. ஆனாலும் கடைசிவரை அவன் அந்தக் கையை விடவில்லை. கை மரத்துப்போன பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.